ஆறு மில்லியில் நிற்காத பூ

மாப்ளே,

காலையில் கடையைத் திறந்து உட்கார்ந்தவன் இன்னும் ஒரு மூட்டையைக்கூட அவிழ்க்கவில்லை. மேசை மேல் ஓர் ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் ஊறுகாய் வாடை இல்லை. இத்தனை ஏலக்காய்க்கு நடுவிலும் தனியாகத் தெரிகிற, லேசாகப் புளித்த, காய்ந்த மட்டை வாடை. பாட்டிலில் பாதிக்கு மேல் காய்ந்த பூ. நம் குடப்பனையின் பூ. நேற்று உன் வருசத் திதியில், சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்த பிறகு, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் மனைவி உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தாள். அது அவள் கைக்கு எப்படி வந்தது என்று சொன்னதிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை.

என் வீட்டுக்காரி மைமூன் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள். "ஒண்ணும் சாப்பிடாமக் கெளம்பிட்டீங்களே, சுகர் மாத்திரை போட்டீங்களா?" என்றாள். போட்டேன் என்றேன். பொய். பொய் எனக்கு எவ்வளவு சரளமாக வரும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதை, நீ போய் ஒரு வருசம் கழித்துத் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோழை செய்கிற சோலிதான். இருந்தாலும் எழுதுகிறேன்.

எனக்குக் கல்லூரியில் வணிகவியலில் இடம் கிடைக்கவில்லை. மிச்சமிருந்த வகுப்பு தாவரவியல், அதில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். நீ ராசிங்காபுரத்திலிருந்து அதையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவன். "இதப் படிச்சிட்டு எங்கடா வேலைக்குப் போவ?" என்று உன் அப்பா கேட்டதற்கு, "போற எடத்துல செடி இருக்கும்ல" என்று சொன்னதாக நீயே சொல்லிச் சிரித்தாய். சொன்ன மாதிரியே ஆயிற்று. மின்வாரியத்தில் மீட்டர் பார்க்கிற வேலை. கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு லென்ஸும் தொங்கும். மீட்டரை ஒரு நிமிடம் பார்ப்பாய், அந்த வீட்டுச் சாக்கடையோரத்தைப் பத்து நிமிடம் பார்ப்பாய். போடியில் பாதிப் பேர் உன்னைப் பற்றி என்னிடம் புகார் சொல்லியிருக்கிறார்கள். "பாய், ஒங்க கூட்டாளி எங்க வாசல்ல குந்திக்கிட்டு என்னத்தையோ தேடுறாரு, எதுவும் தொலைஞ்சு போச்சா?"

உனக்கு ஒரே ஒரு கிறுக்கு. பூக்கிற செடிகளில் உலகத்திலேயே சின்னது எது, பெரியது எது. நடுவில் உள்ளதெல்லாம் எல்லோரும் பார்ப்பார்கள், இரண்டு ஓரத்தையும் யாராவது பார்க்க வேண்டாமா என்பாய். சுமத்ரா காட்டில் ஒரு பூ இருக்கிறது, இலை கிடையாது, தண்டு கிடையாது, அடுத்த கொடியின் உடம்பில் ஒட்டிப் பிழைத்துக்கொண்டு, ஒருநாள் தரையில் ஒரு மாட்டு வண்டிச் சக்கரம் போல விரிந்துவிடும், செத்த மாட்டு நாற்றம் நாறும் என்று நீ சொன்னபோது நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "ஒத்தப் பூவுல அதுதான்டா பெருசு" என்றாய். "அத நீயும் நானும் பாக்கப் போறதில்ல."

அந்த வாரமே உன்னைக் குரங்கணிக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்துக்குப் பலாப்பழம் தின்னக் கூட்டிக்கொண்டு போனேன். கீழே காப்பி, மேலே ஏலம். ஓடையோரத்தில் ஒரு பெரிய பனை. அதன் ஓலை ஒன்றை வெட்டினால் நாலு பேர் மழைக்கு அடியில் நிற்கலாம். காய் எடுக்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். எங்களுக்கு அது குடை தருகிற பனை, அவ்வளவுதான். நீ பலாப்பழத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அந்த மரத்தைக் கட்டிப்பிடித்தாய். இரண்டு கையும் எட்டவில்லை.

"மாப்ளே, உலகத்துலயே பெரிய பூங்கொத்து எதுன்னு நேத்துக் கேட்டேல்ல? இதோ நிக்குது."

"எங்கடா பூ? ஓலைதான இருக்கு."

"இருக்கும். எடுத்தா ரெண்டு மாடி ஒசரத்துக்கு எடுக்கும். கோடிப் பூ பூக்கும். ஆனா ஆயுசுல ஒரே ஒரு தடவ. முப்பது வருசமோ அறுபது வருசமோ சேத்து வச்சதெல்லாம் ஒரே மூச்சுல பூத்துக் காய்ச்சிட்டுச் செத்துப் போயிரும்."

யார் நட்டார்கள், எப்போது நட்டார்கள் என்று என்னைப் பெற்ற அத்தாவுக்கே தெரியாது. அவர் தோட்டத்தை வாங்கும்போதே மரம் நின்றதாம். நீ என் கையை இழுத்து அந்தத் தூரில் வைத்து, "மொட்டுத் தெரிஞ்சா மொதத் தகவல் எனக்கு. சொல்லுவியா?" என்றாய். "சொல்றேன்டா. இதுல என்ன இருக்கு?" என்றேன். அதில் என்ன இருந்தது என்பது எனக்கு முப்பத்திரண்டு வருசம் கழித்துத் தெரிந்தது.

படிப்பு முடிந்ததும் நான் அத்தாவின் கடைக்கு வந்துவிட்டேன். எங்கள் தொழில் உனக்குத் தெரிந்ததுதான். ஏலக்காயைச் சல்லடையில் போட்டு ஆட்டினால் எட்டு மில்லிமீட்டர் ஓட்டையில் விழாமல் நிற்கிற காய்க்கு ராஜ மரியாதை. ஏழில் நிற்பது சுமார். ஆறிலும் நிற்காமல் விழுவது பொடி, அதை யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதையே பார்த்துப் பார்த்து என் கண்ணும் சல்லடை ஆகிவிட்டது. மனுசரையும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். "ஒன் சல்லடையில நிக்காததெல்லாம் ஒனக்குப் பொடிடா" என்று நீ சொல்வாய். சிரித்துக்கொண்டேதான் சொல்வாய், நானும் சிரிப்பேன்.

அந்தக் கரண்டி நாளை எடுத்துக்கொள். ஏலக்காய் ஏலம் முடிந்து வெளியூர் வியாபாரிகள் நாலைந்து பேர் கடையில் உட்கார்ந்து மாதிரிக் காயை உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ வேர்த்து விறுவிறுக்க உள்ளே வந்தாய். ஒரு கையில் டிபன் டப்பா, இன்னொரு கையில் கரண்டி.

"மாப்ளே, வெரசா வா. இதப் பாரு."

மேசைக் கண்ணாடி மேல் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றினாய். தண்ணீரில் ரவையைவிடச் சிறிதாகப் பச்சைப் பச்சையாக என்னவோ மிதந்தது. ராசிங்காபுரம் கண்மாயில் மிதக்கிற பாசி என்று நான் நினைத்தேன். பாசி இல்லை, வேரும் இல்லாத, இலையும் இல்லாத முழுச் செடி, உலகத்திலேயே சின்னப் பூச்செடி என்று நீ அதற்கு முன்பே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாய். லென்ஸைக் கழற்றி என்னிடம் நீட்டினாய். வியாபாரி ஒருவர், "என்ன பாய், மீட்டர்காரரு பச்ச ரவை விக்கிறாரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? லென்ஸை வாங்கி ஒரு நொடி குனிந்திருக்க வேண்டும். நான் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். "இது எத்தன மில்லியில நிக்கும் மாப்ளே?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே துணியை எடுத்து மேசையைத் துடைத்துவிட்டேன். மாதிரிக் காயில் ஈரம் பட்டுவிடும் என்று எனக்கு நானே ஒரு காரணம்.

நீ ஒரு கணம் அந்த ஈரத் துணியையே பார்த்தாய். "நிக்காதுடா" என்று சொல்லிச் சிரித்தாய். ஈரக் கரண்டியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனாய்.

பிறகு உன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் தேனியில் டயாலிசிஸ். செவ்வாயும் வியாழனும் தங்கச்சி பஸ்சில் கூட்டிக்கொண்டு போவாள். சனிக்கிழமை என் கார். நான் பெரிய மனுசன் மாதிரி ஏற்றுக்கொண்ட ஒரே பொறுப்பு அது. ஊரில் அதற்கு எனக்கு நல்ல பெயர்கூட வந்தது. "கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்" என்றார்கள். அந்தப் பெயரை நினைத்தாலே இப்போது உடம்பு கூசுகிறது.

உனக்கு உடம்புக்கு வந்த மூன்றாவது வருசம், ஆடி கழிந்து இரண்டாம் சுற்றுக் காய் எடுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். தோட்டத்துக் கங்காணி முத்தையா அண்ணன் ஜீப்பைப் பிடித்துக் கடைக்கே வந்துவிட்டார். அவர் அப்படி இறங்கி வருகிற ஆளே இல்லை.

"மொதலாளி, ஓடக்கரைப் பனை தலையில கொம்பு விட்டிருக்கு."

"கொம்பா?"

"பூக்கப் போகுதுங்கய்யா. குடப்பனை பூத்தா தோட்டத்துக்காரன் குடும்பத்துக்கு ஆகாது. ஒரு தலையக் கேக்காமப் போகாதுன்னு பொம்பளைக அத்தன பேரும் சொல்றாளுக. அதுக்குக் கீழ வந்து காய் எடுக்க மாட்டோம்னு நிக்கிறாளுக."

மறுநாள் போய்ப் பார்த்தேன். நீ சொன்னதெல்லாம் சொன்னபடியே இருந்தது, மாப்ளே. ஓலைக் குடைக்கு மேலே இன்னொரு மரம் முளைத்த மாதிரி வெண்ணெய் நிறத்தில் ஒரு கொத்து, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை. கீழ்க்கிளைகளில் பூ விரிய ஆரம்பித்திருந்தது. தேனீ இரைச்சல் ஓடைச் சத்தத்தை மீறிக் கேட்டது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. நானே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். போனில் படம் எடுத்தேன். அனுப்புவதற்கு உன் பெயரையும் தேடி எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் மகள் ரிஸ்வானாவின் நிக்காஹ் நினைவுக்கு வந்தது. இன்னும் பதினெட்டு நாள். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் கம்பத்திலிருந்து தோட்டத்துக்கு விருந்துக்கு வருவதாகப் பேச்சு. யாராவது ஒரு வாய் இந்தப் பேச்சை அவர்கள் காதில் போட்டால்? சகுனம் பார்ப்பது எங்கள் மார்க்கத்தில் கிடையாது. பள்ளிவாசலில் பயான் பேசும்போது இதைப் பற்றித் தலையாட்டிக் கேட்டவன் நான். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆட்கள் வேலைக்கு வர மாட்டார்களே, காய் பழுத்து வெடித்துவிடுமே என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். முத்தையா அண்ணன் மேல் பழியைப் போட வசதியாக இருந்தது. உண்மை என்னவென்றால் நான் பயந்தேன். என் மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். அதை உன்னிடம் சொல்லியிருந்தால்கூட நீ புரிந்துகொண்டிருப்பாய்.

உன் பெயர் திரையில் நின்றது. உனக்குத் தெரிந்தால், கையில் ஊசிக் கட்டோடாவது வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாய். வெட்ட விடமாட்டாய். குறைந்தது, "பூத்து முடியட்டும்டா, அது தானாச் செத்துரும்" என்பாய். அதற்கு எனக்குப் பதில் இருக்காது. அதனால் படத்தை அனுப்பவில்லை. அழித்தேன். தேவாரம் ஊரிலிருந்து மிஷின் வாள்காரனை வரச் சொன்னேன். அறுத்து முடிக்க மதியம் ஆயிற்று. சாய்ந்தபோது காப்பிச் செடி மேலெல்லாம் பூ கொட்டியது. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினேன்.

விருந்து நல்லபடியாக நடந்தது. நிக்காஹும் நடந்தது. நீ வந்து பிரியாணியில் இரண்டு வாய் மட்டும் சாப்பிட்டு, உப்புக்குப் பயந்து வைத்துவிட்டாய். ரிஸ்வானாவின் தலையில் கை வைத்து, "நல்லா இரு ஆத்தா" என்றாய்.

நிக்காஹ் முடிந்த முதல் சனிக்கிழமை. நாற்காலியில் சாய்ந்து, கையில் குழாயோடு, ரத்தம் மிஷினுக்குப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"குடப்பனை எப்படி இருக்கு மாப்ளே?"

அதற்கு முன்பும் நீ எப்போதாவது கேட்பதுதான். அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. "எப்பவும் போல ஓலையாத்தான் நிக்குது" என்றேன். நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை.

"பூ எடுக்கலையா?"

"எடுத்தா ஒனக்குச் சொல்ல மாட்டேனா?"

"சொல்லுவ. சொல்லுவ" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நீ ஒரு சனிக்கிழமைகூட விடவில்லை. சில நாள் ஊசி குத்தும்போதே கேட்பாய். சில நாள் திரும்பி வரும்போது காரில் பின்சீட்டில் படுத்தபடி கேட்பாய். ஏழு மாதம். நான் ஒவ்வொரு தடவையும் அந்த மரத்தை மறுபடி நட்டு நிறுத்தினேன். ஓலை நல்ல பச்சையாக இருக்கிறது என்றேன். காற்றுக்கு ஒரு மட்டை விழுந்தது என்றேன். ஒருநாள், அடுத்த வருசம் பூத்தாலும் பூக்கும்போல, முத்தையா அண்ணன் சொன்னார் என்றுகூடச் சொன்னேன். நோயாளிக்கு ஆறுதல் சொல்கிறோம் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் அடுத்த வருசம் வரைக்கும் இருக்கணும்ங்கிற" என்றாய்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் கரண்டிப் பேச்சை எடுத்தாய். நானாக எடுக்கவில்லை.

"அன்னைக்கு ஒங்கடைக்குக் கரண்டியில கொண்டாந்தேன்ல, அதுல பூ இருந்துச்சுடா."

"எதுல?"

"அந்தப் பச்ச ரவையில. அது லேசுல பூக்காது. மொளைச்சு மொளைச்சுப் பெருகிட்டே இருக்கும், பூக்கவே பூக்காது. இருபது வருசமாக் கண்மாய் கண்மாயாப் பாத்தேன். அன்னைக்குக் காலையிலதான் ஒண்ணு சிக்குச்சு. உச்சியில ஒரு குழி. குழிக்குள்ள ஆணுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு. அவ்வளவுதான் பூ. வீட்டுல கூடக் காட்டல. நேரா ஒங்கிட்டத்தான் வந்தேன்."

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"நீதான் துணிய எடுத்துட்டியே."

கோபமாகச் சொல்லவில்லை. மீட்டர் எண்ணைப் படிக்கிற மாதிரிச் சொன்னாய். எனக்கு அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தேன். நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். அவள் போன பிறகு, "டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்து போய்விட்டேன். கீழே கடையில் இரண்டு டீ குடித்தேன். நான் திரும்பி வந்தபோது நீ தூங்கிவிட்டாய், அல்லது தூங்குகிற மாதிரி கண்ணை மூடியிருந்தாய்.

பங்குனியில் நீ போய்விட்டாய். சனிக்கிழமை இல்லை, ஒரு புதன்கிழமை காலையில், வீட்டில். கேட்டவர்களிடமெல்லாம் நான் அழுதுகொண்டே நம் சிநேகிதத்தைப் பற்றிப் பேசினேன். எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன்.

நேற்று திதிக்கு வந்தேன். இலையில் தங்கச்சி பரிமாறிக்கொண்டே வந்தாள். உனக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு. உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். படத்தில் கழுத்தில் லென்ஸ் தொங்கியது. பிசைந்த முதல் உருண்டையை இலையிலேயே வைத்துவிட்டேன். பக்கத்து இலைக்காரர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பந்தி எழுந்து, கை கழுவுகிற இடத்தில் தங்கச்சி செம்போடு நின்றாள். யாரும் இல்லை. எனக்கே தெரியாமல் வாய் திறந்துவிட்டது.

"தங்கச்சி, குடப்பனை பூத்துச்சு. அவன் இருக்கும்போதே பூத்துச்சு. நான்தான் வெட்டிட்டேன். அவங்கிட்ட நிக்கிது நிக்கிதுன்னு பொய் சொல்லிட்டேன்."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. உள்ளே போய் இந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். கூடவே அந்த லென்ஸும்.

"அவருக்குத் தெரியும்ணே. ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தியே தெரியும். ஜீப்புக்காரரு ஒருத்தரு சொல்லிட்டாரு. ஊசி இல்லாத நாளாப் பாத்து என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாரு. குரங்கணியிலருந்து நடக்க முடியல. பாறை பாறையா ஒக்காந்து ஒக்காந்துதான் போனோம். விழுந்து கெடந்துச்சு. மேல இருந்திருந்தா நான் இவ்வளவு கிட்டத்துல பாத்திருக்கவே முடியாது புள்ளேன்னு சொல்லிட்டு, ஒவ்வொரு பூவா லென்ஸு வச்சு எனக்குக் காட்டுனாரு. சின்னப்புள்ள கணக்கா இருந்தாருண்ணே."

"அப்புறம்?"

"எறங்கி வரும்போதுதான் ஒரே ஒரு தடவ கேட்டாரு. 'அவன் ஏன் எங்கிட்டச் சொல்லல?'ன்னு. எனக்கு என்ன சொல்லத் தெரியும்? அன்னைக்கே இத பாட்டில்ல போட்டு வச்சாரு. 'அவனே சொல்லுவான், நீ வாயத் தொறக்காத. என்னைக்கு அவனா வந்து சொல்றானோ அன்னைக்குக் குடு'ன்னாரு. ஒவ்வொரு சனிக்கெழமையும் கெளம்பும்போது, 'இன்னைக்குச் சொல்லிருவான்'னு சொல்லிட்டுத்தான் ஒங்க கார்ல ஏறுவாரு."

நான் உன் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், மாப்ளே. பந்திக்கு வந்தவர்கள் எனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்து மோர் கொடுத்தார்கள்.

ஏழு மாதமும் நீ கேட்டது பனையைப் பற்றி இல்லை. எனக்கு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே வந்திருக்கலாம். நான் வாசலில் நின்று ஓலை எத்தனை பச்சை என்று கதை அளந்தேன். மரத்தை வெட்டியதற்குக்கூட என்னை நான் ஒருநாள் மன்னித்துக்கொள்வேனோ என்னவோ. மகளைப் பெற்றவன், பயந்துவிட்டான் என்று விட்டுவிடலாம். டீ குடிக்க எழுந்து போனேன் பார், அதற்கு எனக்கு வழி தெரியவில்லை. உன் சின்னப் பூவைத் துணியால் துடைத்தவனும் நான், உன் பெரிய பூவை வாளால் அறுத்தவனும் நான். காய்த்து விதை விழுவதற்கு முன்பே அறுத்துவிட்டேன். ஓடைக்கரையில் ஒரு கன்றுகூட இல்லை. நேற்று அங்கிருந்து நேராகக் குரங்கணிக்குப் போய்த் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இப்போது, சற்று முன், ஒரு காரியம் செய்தேன். பாட்டிலில் உள்ளதை ஆறு மில்லிச் சல்லடையில் கொட்டினேன். ஏன் கொட்டினேன் என்று கேட்காதே, எனக்குக் கை அப்படித்தான் போகும். ஒரு தட்டுத்தான் தட்டினேன். ஒன்றுகூட நிற்கவில்லை. உலகத்திலேயே பெரிய கொத்து, அத்தனையும் பொடியாகக் கீழ்த்தட்டில் விழுந்தது. குனிந்து உன் லென்ஸை வைத்துப் பார்த்தேன். இந்த வயதில்தான் முதல் தடவையாக உன் லென்ஸில் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் முழுப் பூ. மூன்று இதழ், சுருங்கிப் போன ஆறு கேசரம். சின்னது என்பதற்காக ஒன்றிலும் ஒன்றும் குறையவில்லை.

காய் பொறுக்குகிற செல்லம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன மொதலாளி, புதுச் சரக்கா?"

லென்ஸை அவள் கையில் கொடுத்தேன். "ஆத்தாடி, இத்தனூண்டுக்குள்ள இவ்வளவு இருக்கா! என்ன மரத்துப் பூ?" என்றாள்.

"குடப்பனை. எங்க தோட்டத்துல நின்னது. எங்கூட்டாளி பாக்கணும்னு முப்பது வருசத்துக்கு மேல காத்துக் கெடந்தான். அவனுக்குச் சொல்லாம நான் வெட்டிட்டேன்."

பொறுக்குகிற பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் துணியை எடுக்கவில்லை. தட்டில் கிடந்ததை விரலால் ஒன்றொன்றாக எடுத்து மறுபடி பாட்டிலில் போட்டேன். பாட்டில் இனி இந்த மேசையில்தான் இருக்கும். வருகிறவன் போகிறவன் கேட்பான். கேட்கிறவனிடமெல்லாம் இதையே சொல்வேன். லென்ஸ் என் கழுத்தில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்து உன் ராசிங்காபுரம் கண்மாய்க்குப் போகலாம் என்றிருக்கிறேன். கரண்டி எடுத்துக்கொண்டு போவேன்.

இன்றைக்குச் சனிக்கிழமை. மணி பத்தரை. பெரும்பாலும் நீ கேட்கிற நேரம்.

பூத்துச்சு, மாப்ளே. ரெண்டு மாடி ஒசரம். நீ சொன்னபடியே இருந்துச்சு. நான் அண்ணாந்து பாத்தேன், ஒன்னக் கூப்பிடல.